காளான் பொடியும் கழுத்துப் பொத்தானும்

மெத்தை என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை மகளின் கல்யாணத்தில். குடும்பத்தோடு போட்டோ எடுக்க எல்லாரையும் வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஓர் ஆள் குறைகிறது என்றார் போட்டோக்காரர். "மெத்தை எங்கடா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சத்தம் போட்டார். நிற்கிற இடத்தில் மெத்தை எதற்கு என்று நான் முழித்தேன். ஆளாளுக்குத் தேடிப் போனார்கள். கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், அடுக்கி வைத்திருந்த மேசை விரிப்புகளின் மேல், புதுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள் மாப்பிள்ளையின் ஒரே அக்கா. எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

சோம்பேறி என்று அவளைச் சொன்னால் பாவம். கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்வாள். செய்த கையோடு தூங்கிவிடுவாள், அவ்வளவுதான். அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். "அவகூட சண்டை போடணும்னா காலையிலேயே போட்டு முடிச்சுடணும். சாயங்காலம் ஆரம்பிச்சா பாதியில தூங்கிடுவா. மீதிச் சண்டையை நான் யார்கிட்ட போடுறது?" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

அப்போது அவள் ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை பார்த்தாள். பெரிய இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று மடிப்பது வேலை. சூடான துணியும் சோப்பு வாசனையும் சேர்ந்தால் யாருக்குத்தான் கண் சொக்காது? ஒருநாள் மடித்த விரிப்புகளைப் போடும் தள்ளுவண்டிக்குள்ளேயே சுருண்டுவிட்டாள். பையன் ஒருவன் கவனிக்காமல் வண்டியை லிஃப்டில் தள்ளி மேல்மாடிக்கு அனுப்பிவிட்டான். அங்கே விரிப்பு கேட்டு நின்ற விருந்தாளியம்மா, மேல் துணியை எடுத்ததும் அடியில் ஒரு மனுஷி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தால் என்ன செய்வாள்? கத்திய கத்தலில் விடுதியே கூடிவிட்டது. அத்தோடு வேலை போயிற்று. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் எழுந்ததில்லை. அவளும் கூடவே சிரிப்பாள். உள்ளுக்குள் அது அவளை அறுத்தது யாருக்கும் தெரியாது.

அவளுடைய தம்பி, அதாவது என் தங்கை மகளைக் கட்டியவன், அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் அறையைத் தட்டி முட்டி ஒரு தொழில் தொடங்கியிருந்தான். மரக்கட்டை மேல் வளரும் ஒரு காளான். கையில் எடுத்தால் பலகைத் துண்டு மாதிரி இருக்கும், மேலே வார்னிஷ் அடித்த பளபளப்பு. அதைக் காயவைத்து அரைத்த பொடி மூட்டையாக வரும். அதைக் கேப்சூலில் அடைத்து டப்பாவில் போட்டு, "உடலுக்குத் தெம்பு, நோய் எதிர்ப்புச் சக்தி" என்று லேபிள் ஒட்டி விற்பான். ஏமாற்றுக்காரன் இல்லை. தானும் தினமும் சாப்பிட்டான், பெண்டாட்டிக்கும் கொடுத்தான். "இது மருந்து இல்லை. தெம்புக்கு" என்று கேட்கிறவர்களிடம் ஒழுங்காகத்தான் சொல்லிவந்தான், ஆரம்பத்தில்.

வேலை போன அக்காவை அவன் கூப்பிட்டுக்கொண்டான். "வாக்கா, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். தூக்கம் வந்தா சாய்ஞ்சுக்க, இங்க லிஃப்ட் எல்லாம் கிடையாது."

கேப்சூல் நிரப்புவதற்குக் கை நிதானம் வேண்டும். வரிசை வரிசையாகத் துளை போட்ட பலகை. துளைக்கு ஒன்றாகக் கேப்சூலின் கீழ்ப்பாதியை நிறுத்தி, மேலே பொடியைக் கொட்டி, ஓர் அட்டையால் வழித்து, லேசாகத் தட்டி இறக்கி, மேல்பாதியால் மூடி அழுத்த வேண்டும். பொடி மாவைவிட மெல்லியது. அந்த அறையில் தும்முவது குற்றம், மின்விசிறி போடுவது அதைவிடப் பெரிய குற்றம். மழையில் நனைந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை எப்போதும் அங்கே இருக்கும். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. தம்பி அவளையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டாள்.

சில மாதம் போயிருக்கும். ஆள் மாற ஆரம்பித்தாள்.

முதலில் மதியத் தூக்கம் போயிற்று. சாப்பிட்டதும் சாய்கிறவள், சாப்பிட்டதும் எழுந்து பாத்திரம் கழுவினாள். தன் பாத்திரம் முடிந்து தம்பி வீட்டுப் பாத்திரத்தையும் கழுவினாள். பிறகு ஜன்னல், பிறகு ஜன்னல் கம்பி, பிறகு கம்பியின் மறுபக்கம். புருஷன் பஸ் எடுக்க விடிவதற்கு முன்னால் எழுந்தால், அவருக்கு முன்பே எழுந்து சுவரைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாது. உடம்பு இளைத்து, முகத்தில் எலும்பு தெரிந்து, கண் இரண்டும் பெரிதாகிப் பளபளவென்று இருந்தன. "ஆளே பத்து வயசு குறைஞ்சுட்டா" என்றார்கள் பார்த்தவர்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாதான் பெயரையும் மாற்றினார். "மெத்தை போயாச்சு. இது மோட்டார்!"

அந்தப் பெயரைக் கேட்ட அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து கேலியாகவே கேட்ட காதுக்கு முதல்முறையாக ஒரு புகழ்ச்சி. யார் வீட்டில் என்ன வேலை என்றாலும் "மோட்டாரைக் கூப்பிடு" என்றார்கள். கூப்பிடும் முன்பே போய் நின்றாள்.

தம்பியும் வாய்க்குப் பூட்டுப் போடவில்லை. கேட்கிறவர்களிடம் எல்லாம், "எங்க அக்காவை முன்னாடி பார்த்திருக்கீங்களா? இப்பப் பாருங்க" என்றான். பிறகு கூட்டம் போட ஆரம்பித்தான். ஒரு சோபாக் கடையின் மாடியில் உள்ள கூடத்தை வாடகைக்கு எடுத்து, நாற்காலி போட்டு, தனக்கும் அக்காவுக்கும் கழுத்துவரை பொத்தான் வைத்த பச்சைச் சட்டை தைத்தான். கூட்டத்தில் அவள் வேலை, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்து மேடையில் வைப்பது, தன் தள்ளுவண்டிக் கதையைத் தானே சொல்லிச் சிரிக்க வைப்பது, கடைசியில் எல்லாரும் பார்க்க ஒரு கேப்சூலை விழுங்குவது. கைதட்டுவார்கள்.

ஆனால் மோட்டாரை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாகத் தாளம் போட்டது. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் இடுப்பில் துணி நிற்கவில்லை. எல்லாவற்றையும்விட, வேர்வை. ஒருநாள் பலகை நிறையப் பொடி பரப்பி வைத்திருக்கும்போது, தாங்க முடியாமல் எழுந்து மின்விசிறியைப் போட்டுவிட்டாள். பொடி மொத்தமும் எழும்பி, எதிரே உட்கார்ந்திருந்த என் தங்கை மகளின் தலையில் இறங்கியது. அன்றைக்குத்தான் தலைக்குக் குளித்திருந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க!"

"வேகுதுடி எனக்கு! உனக்கெல்லாம் தோலா தகரமா?"

"ஜன்னல்ல காத்து சிலுசிலுன்னு வருது. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வேகுது?"

"சக்தின்னா சூடு இருக்காதா? உனக்கு எங்க தெரியப்போகுது, சாப்பிடுறேன்னு சொல்லிட்டு டப்பாவை மூடி வச்சிருக்கிறவ!"

சத்தம் கேட்டு வந்த தம்பி, பெண்டாட்டியின் பழுப்புத் தலையைப் பார்த்து, "இந்த முடிக்கு இனிமே நோயே வராது" என்று சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டான். அக்கா அப்படிக் கத்துகிறவளே அல்ல. கத்திவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அதற்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பலகையில் பொடியை வழிக்கும்போது அட்டை தடதடவென்று துள்ளியது. முழங்கையை மேசையில் அழுத்திக்கொண்டு வேலை செய்து மறைத்தாள். தெம்பு பற்றவில்லை போல என்று கேப்சூலை இரண்டாக்கினாள், நாலாக்கினாள். நடுக்கம் கூடத்தான் செய்தது. அப்போது, அளவு மிஞ்சிவிட்டதோ என்று பயம் வந்தது. தம்பியிடம் சொன்னால் வியாபாரத்தில் மண்ணைப் போட்ட மாதிரி ஆகும். யாருக்கும் சொல்லாமல் அடியோடு நிறுத்திவிட்டாள். கூட்டத்தில் விழுங்குகிற கேப்சூலையும் கன்னத்தில் ஒதுக்கி, முகம் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையில் துப்பிக்கொண்டாள்.

நிறுத்திய நாள் முதல் தூக்கத்துக்குப் பயந்து காத்திருந்தாள். இன்றைக்குச் சாய்ந்துவிடுவோம், நாளைக்குத் திரும்பவும் மெத்தை என்று கூப்பிடுவார்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம் போயும் அவள் அதே ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்படியானால் இது பொடி கொடுத்தது இல்லை! இந்தச் சுறுசுறுப்பு என் சொந்தம், இத்தனை காலம் எங்கேயோ ஒளிந்திருந்தது! பரணில் இருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கித் துடைத்து, திரும்ப ஏற்றி, திருப்தி இல்லாமல் மறுபடி இறக்கினாள்.

அடுத்த கூட்டத்தன்று மதியம் பச்சைச் சட்டையைப் போட்டாள். தைத்தபோது பிடிப்பாக இருந்த சட்டை. இப்போது தோளில் தொங்கியது, இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். ஆனால் கழுத்துப் பொத்தான் மட்டும் எட்டவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தாள். புருஷன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவைச்சதுல கழுத்து சுருங்கிடுச்சுங்க" என்றாள்.

"சலவையில வேலை பார்த்தவ நீ. துணி சுருங்கினா மொத்தமும் சுருங்கும். கழுத்து மட்டுமா சுருங்கும்?"

பக்கத்தில் வந்து, பொத்தான் போடுவது போல இரண்டு விரலை அவள் தொண்டையில் வைத்தார். "முழுங்கு."

"எதை?"

"சும்மா எச்சில் முழுங்கு."

முழுங்கினாள். விரலுக்கு அடியில் கட்டி போல ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கூட்டம் இருக்குங்க. தம்பி காத்துட்டிருப்பான்."

"நான் பஸ் நிறையப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறேன். அதுங்க போடுற சத்தத்துலகூட எனக்குத் தூக்கம் வருது. நீ பக்கத்துல படுத்தா கட்டில் ஆடுது. நீ தூங்கி நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"தூங்கினா சிரிக்கிறீங்க, தூங்கலைன்னா அழுறீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மேல் பொத்தானைத் திறந்தபடியே விட்டு, படி இறங்கி ஓடினாள். கண்ணில் தண்ணீர். போனால் ஏதாவது மாத்திரை கொடுத்துத் திரும்பவும் படுக்கவைத்துவிடுவார்கள். அது ஒன்றுதான் அவள் பயம். செத்தாலும் மோட்டாராகச் சாவோம் என்றுகூட வழியில் நினைத்தாளாம். பின்னாளில் என் தங்கை மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

கூடம் நிறைந்திருந்தது. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்து நின்று, சிரித்த முகமாக மேடைக்குப் போனாள். கதை சொன்னாள், சிரித்தார்கள். கேப்சூலை வாயில் போட்டாள், கைதட்டினார்கள். தம்பி பெருமையாக, "யாருக்காவது சந்தேகம் இருந்தா எங்க அக்காவையே கேளுங்க" என்றான்.

முன்வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். தையல் கடையில் வேலை போலிருக்கிறது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அக்கா, எங்கம்மா எப்பவும் படுத்தே கிடக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேண்டாம், இந்தப் பொடி போதும்னு அடம் பிடிக்குது. உங்களைப் பார்த்துட்டுதான் அப்படிச் சொல்லுது, போன கூட்டத்துக்கு வந்திருந்துச்சு. நீங்களே சொல்லுங்கக்கா, அந்த மாத்திரையை நிறுத்திடலாமா?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்து, எழுந்து ஓடுகிற ஒருத்தியைப் பார்த்து ஏங்குகிற ஏக்கம் அவளுக்குத் தெரியும். கன்னத்தில் ஒதுக்கிய கேப்சூல் கரைந்து கசப்பு நாக்கில் இறங்கியது.

"நிறுத்தாதேம்மா" என்றாள். "டாக்டர் சொன்னதை விடாமக் கொடு. என்னைப் பார்த்து எதையும் நிறுத்தாதே. நான் இதைச் சாப்பிடுறதை விட்டே ரொம்ப நாளாச்சு."

தம்பி சிரித்தான். "அக்கா விளையாடுறாங்க."

"விளையாடலைடா." கைக்குட்டையை எடுத்து அதில் துப்பி, அவன் கையில் கொடுத்தாள். "பொடி நிறுத்தியும் நான் ஓடுறேன். நின்னா நிக்க முடியலை. இது தெம்பு இல்லை, வேற என்னமோ. இங்க பாரு, கழுத்துப் பொத்தான்கூடப் போட முடியலை."

பின்வரிசையில் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ டப்பாவைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கூடம் காலியானதும் அவன் அவளைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டான். "ஏன்க்கா இப்படிப் பண்ணுன? என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கணுமா?"

"தனியாச் சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் என்னைப் பழையபடி மெத்தையா ஆக்கிடுவியோன்னு பயந்தேன்டா" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் முழங்கால் தாளம் போடத் தொடங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல் வந்தது. "முதல்ல காலை ஆட்டாம இரு" என்று குனிந்து அவள் முழங்காலைக் கையால் அழுத்தினான். கால் நிற்கவில்லை. அவன் கையையும் சேர்த்து ஆட்டியது. இன்னும் அழுத்தினான், இரண்டு கையாலும். அப்போதும் நிற்கவில்லை. அவன் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "எழுந்திரு, அக்கா" என்று மெதுவாகச் சொல்லி, டப்பாக்களை எல்லாம் மாடியிலேயே விட்டுவிட்டு, பொடி மூட்டை ஏற்றும் வேனை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதுதான் அவளை விரட்டு விரட்டென்று விரட்டியது என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயத்தைப் பாதித்திருக்குமாம். பச்சைச் சட்டையோடு நின்ற தம்பி, "இந்தக் காளான் பொடியாலயா டாக்டர்?" என்று கேட்டான்.

"அதனால வந்ததுன்னு சொல்ல முடியாது. தானாகவும் வரும். ஆனா எல்லாத்துக்கும் பொடிதான் காரணம்னு நீங்க சந்தோஷமா இருந்துட்டீங்க. இனிமே மாத்திரையை மட்டும் சாப்பிடட்டும்."

அவன் முதலில் அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சுக்காக உடனே வெட்கப்பட்டு, வெளியே போய் நின்றுகொண்டான்.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. வாரக்கணக்கில் அவள் வீட்டுக்குள் கூண்டுப் புலியாக நடந்தாள், பார்க்க வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். பிறகு ஒரு மதியம் புருஷன் வீட்டுக்கு வந்தபோது, துடைத்த பாத்திரம் மடியில் இருக்க, நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். கதவு கிரீச்சிடும் என்று அவர் உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். என் தங்கை மகள் அன்றே எனக்கு போன் போட்டு, "பெரியம்மா, அண்ணி தூங்குறாங்க!" என்று குழந்தை பிறந்த செய்தி மாதிரி சொன்னாள்.

தம்பி இப்போதும் பொடி விற்கிறான், கொஞ்சமாக. கூட்டம் போடுவதை விட்டுவிட்டான். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அக்காவை இரண்டு தரம் கூப்பிட்டான். "உன் பொடி நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாதுடா. நான் அதுக்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். கோபமில்லை, சாப்பிட வா என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

அவளை இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. பழையபடி எந்நேரமும் தூங்குவதும் இல்லை, அந்த ஓட்டமும் இல்லை. வேலையை விட்டு அனுப்பிய அந்த விடுதியிலேயே போய்க் கேட்டு, சலவை அறையில் திரும்பச் சேர்ந்துவிட்டாள். காலையில் விரிப்பு மடிக்கிறாள், மதியம் வீட்டில் இருக்கிறாள்.